டல்சிக்குக் காலையில் கிடைத்த மருமகன்

டல்சி நப்பல்ஜாரி தன் மூத்த மருமகனின் முகத்தைப் பத்தொன்பது வருடங்களாகப் பார்த்ததில்லை. அவனுடைய பூட்ஸ் தெரியும், இருமல் தெரியும், தொப்பியின் பின்பக்கம் தெரியும். ஒருமுறை ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரச் சூப்பர் மார்க்கெட்டுக்கு அவன் கோழி வாங்க வந்துவிட்டான். நாய்த் தீனி அடுக்குக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் டல்சி. வெறுங்கையோடு வெளியே வர வெட்கமாக இருந்ததால் ஒரு மூட்டை தீனியும் வாங்கி வந்தாள். வீட்டில் நாய் கிடையாது.

வெறுப்பு எதுவும் இல்லை. மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஓரிடத்தில் சேர்ந்து நிற்பதில்லை. அவளுடைய வால்பிரி பழங்குடி மக்களிடம் அதுதான் மரியாதை. பேசிப் பேசியே மரியாதை காட்டும் ஊர்களும் உண்டு. எது மேல் என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

கணவனின் சிறுநீரகச் சிகிச்சைக்காக முந்நூறு கிலோமீட்டர் தாண்டி நகரத்துக்கு வந்தவள் அவள். கணவன் போய்ச் சேர்ந்தான். அவள் முதியோர் இல்லத்துச் சலவை அறை வேலையில் தங்கிவிட்டாள். அங்கே எட்டு வருடம் அவளோடு வேலை செய்திருக்கிறேன். பொறுமைசாலி அல்ல. கால்பந்து நடக்கும் நாளில் பக்கத்தில் உட்கார முடியாது. ஆனால் படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போடும்போது அவள் கைபட்டால் முனகல் நிற்கும். அதை மட்டும் மறுக்க முடியாது.

அந்தக் கைக்காகத்தான் நாலு வருடமாக அவளை மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள். காட்டு இலையைக் கொழுப்பில் காய்ச்சிய களிம்பை எடுத்துக்கொண்டு அவளும் தோழி கோரலியும் போவார்கள். விருந்தினர்களின் தோளையும் கையையும் தேய்த்துவிட வேண்டும்.

இந்த ஜூலைக் குளிர்காலத்தில் வந்தவர்கள் கழிவுநீர்க் குழாய்ப் பொறியாளர்கள், அறுபது பேர். "பழங்குடி நலவாழ்வு அனுபவம், பிற்பகல் இரண்டு மணி, அறை எண் நான்கு, இருபத்தைந்து நிமிடம்" என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருந்தது. அறை எண் நான்கில் ஜன்னல் இல்லை. தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம். போன வருடம் அங்கே இலைப்புகை போடக் கூடாது என்று சொல்லி, ஒரு வாசனை மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். எலுமிச்சை வாசனை. ஆட்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து ஒரு கையை டல்சியிடம் கொடுத்துவிட்டு, மறு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கம்பளத்தில் மூன்று சொட்டுக் களிம்பு விழுந்ததற்காகக் கண்டனக் கடிதம் ஒன்றும் வந்தது.

"மண்ணுல உக்காராதவன் தோளைத் தொட்டா, கதவைத் தொட்ட மாதிரி இருக்கு," என்றாள் டல்சி. இந்த முறை ஆற்றில்தான். இல்லாவிட்டால் இனி எந்த மாநாட்டுக்கும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

ஆறு மண்டபத்துக்குப் பின்னாலேயே இருந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் ஓடும். அந்த மண் அரெண்டா என்ற வேறொரு பழங்குடி மக்களுடையது. டல்சி அங்கே விருந்தாளி. ஆகவே அவர்களிடம் போய்க் கேட்டாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சரி என்றார்கள். மாநாட்டு மேலாளர் பிரெண்டன் மட்டும்தான் பாக்கி. பத்தரை மணிக்கு அவனிடம் நேரில் பேசுவதாக ஏற்பாடு. பேச வேண்டியதையெல்லாம் மூன்று நாளாகச் சலவை அறைப் போர்வைகளிடம் சொல்லிப் பழகியிருந்தாள்.

ஒன்பது மணித் தொடக்க விழாவில் கோரலி காரியத்தைக் கெடுத்தாள்.

பிரெண்டன் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான். மூன்று டீ பை, ஆறு ஸ்பூன் சர்க்கரை, அவள் கேட்காமலே. கோரலி உருகிவிட்டாள். கையில் மைக் வேறு இருந்தது.

"இந்தப் பிள்ளை எனக்குத் தம்பி," என்றாள். "நான் நப்பனங்கா. அதனால இன்னையிலேருந்து இவன் ஜப்பனங்கா."

அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வால்பிரி மக்களிடம் இப்படி எட்டு உறவுப்பெயர்கள் உண்டு; பெண்ணுக்கு 'ந' என்றும் ஆணுக்கு 'ஜ' என்றும் தொடங்கும், டல்சியின் நப்பல்ஜாரியும் அதில் ஒன்று. ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அந்த நொடியே ஊரெல்லாம் உறவு. யார் அப்பா, யார் மைத்துனன் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எட்டில், நப்பல்ஜாரிப் பெண்ணுக்கு மருமகன் முறையாகிற பெயர் ஒன்றே ஒன்றுதான். ஜப்பனங்கா.

டல்சி தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினாள். கைதட்டல் அடங்குவதற்குள் கோரலிக்கும் உறைத்துவிட்டது. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி வந்தாள்.

"எட்டுப் பேரு இருக்கு. உனக்கு அந்த ஒண்ணுதான் கெடச்சுதாடி?"

"தம்பின்னா அதுதானே வரும். நான் என்ன பண்ண?"

"மகன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"மகன்னு சொன்னா உனக்குப் புருஷன் முறை ஆவானே. பரவாயில்லையா?"

டல்சி கொஞ்சம் யோசித்தாள். "பேசவாவது முடியும்."

"வெள்ளைக்காரன்தானே. கண்டுக்காம விட்டுட்டா என்ன?"

"அறுபது பேரு முன்னால மைக்குல சொல்லிட்டு, இப்ப கண்டுக்காம விடணுமா? பேருன்னா பேருதான். ஒரு டீக்கு இவ்வளவு பெரிய மனசா உனக்கு?"

"டீ நல்லா இருந்துச்சு டல்சி," என்றாள் கோரலி. வேறு சாக்கு இல்லை அவளிடம்.

இதற்குள் பிரெண்டனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவன் அதை வால்பிரி மருமகன்களைவிட மும்மடங்கு தீவிரமாக எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தான். வரவேற்புப் பலகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்தான். ஒருமுறை துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். வந்தது டல்சி அல்ல, பூ கொண்டுவந்த பெண்.

பொறியாளர்களால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு ஓட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வதுதானே அவர்கள் தொழில். கரும்பலகையில் மண்டபத்தின் வரைபடத்தைப் போட்டார்கள். கிழக்குத் தாழ்வாரம் மாமியாருக்கு, மேற்கு மருமகனுக்கு. முக்கில் முக்கில் ஆள் நிறுத்திக் கைகாட்டினார்கள். எது நல்ல தண்ணீர், எது கழிவுநீர் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தொடக்க உரை முழுக்கக் கொட்டாவி விட்டவர்கள் இப்போது படிகளில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்குப் பேச்சு நடந்தது. டல்சி வெளிச்சுவரில் சாய்ந்து நின்றாள். பிரெண்டன் உள்ளே, கதவுக்குப் பின்னால். வாசற்படியில் கோரலி.

"ஆத்து மணல்லதான் பண்ணுவாங்களாம் தம்பி."

"எனக்கே கேட்டுச்சு அக்கா."

"கேட்டிருக்கக் கூடாது. நான் சொன்னப்புறம்தான் உனக்குக் கேக்கணும்."

"சரிங்க அக்கா. அங்க பாம்பு இருக்குமே?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "குளிர் காலத்துல பாம்பு தூங்கும். அதுக்காவது ஓய்வு எடுக்கத் தெரியுது, இவனுக்குத் தெரியலன்னு சொல்லு."

"பாம்பு தூங்குதாம் தம்பி. வேற ஒண்ணும் சொல்லல."

"நாலு மணிக்குப் பேராசிரியரோட நிறைவுரை இருக்கு அக்கா. எல்லாரும் ஆத்துக்குப் போயிட்டா யாரைத் திரும்பக் கூட்டிட்டு வர்றது? எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க."

கோரலி இடுப்பில் கை வைத்தாள். "மாமியா கேட்டு மருமகன் இல்லைன்னு சொன்னதா நான் கேள்விப்பட்டதே இல்லையே தம்பி."

"அப்படி மடக்காத அவனை," என்றாள் டல்சி. குரலில் கோபம் இருந்தது. "காலையில வந்த உறவை மத்தியானமே வேலைக்கு அனுப்பற மாதிரி இருக்கு. கஷ்டமா இருந்தா எல்லார் முன்னாலயும் பேரைத் திருப்பிக் குடுத்துடச் சொல்லு. நான் நேரா நின்னு கேக்கறேன். முடியாதுன்னா என் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்லட்டும்."

இதைக் கோரலி திருப்பிச் சொல்லவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் பழகிய பெயர். அதைக் கொடுத்துவிட்டால் அவன் அட்டவணை பிழைக்கும். நேருக்கு நேர் மறுத்தும் விடலாம். யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பேரு என்கிட்டயே இருக்கட்டும் அக்கா," என்றான் பிரெண்டன். "ஆத்துலயே வச்சுக்கோங்க. ரெண்டு மணியிலேருந்து மூணே முக்கால் வரைக்கும். மணி அடிச்சா மட்டும் வந்துடச் சொல்லுங்க."

சுவருக்கு வெளியே டல்சி கோரலியைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். சலவை அறையில் அவள் அதிகபட்சமாகச் சிரிக்கும் சிரிப்பு அது.

இரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் அறுபது ஜோடி ஷூக்கள் வரிசையாக நின்றன. நெருப்பில் பச்சை இலையைப் போட்டுப் புகையைக் கிளப்பினாள் கோரலி. வெயில் ஏறிய மணலுக்குள் முழங்கால் வரை காலைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டல்சி ஒவ்வொரு தோளாகப் போனாள். "இது கல்லு." "இது இன்னும் கல்லு." "இவரு தோள்ல யாரோ வீடு கட்டியிருக்காங்க." சுரங்கக் குழாய்களில் பேர் பெற்ற ஒரு பெரிய மனிதர் குறட்டை விட்டார். அவரை நெஞ்சு வரை மணலால் மூடி, நடுவில் ஒரு குச்சி நட்டு, மேன்ஹோல் என்று பெயர் வைத்தார்கள். கோரலி சாம்பலுக்குள் ரொட்டி போட்டாள்.

மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. யாருக்கும் காது கேட்கவில்லை. மறுபடி அடித்தது. கரைமேல் வெள்ளை யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் நின்று அடித்துக்கொண்டிருந்தான் பிரெண்டன். இறங்கி வந்து கூப்பிட முடியாது, நடுவில் மாமியார். நாலு மணிக்குப் பேராசிரியரே தேடிக்கொண்டு வந்தார். புகையை ஒருமுறை இழுத்தார். அறுபத்தோராவது ஜோடி ஷூவும் வரிசையில் சேர்ந்தது.

கோரலியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு மூடினாள்.

"தம்பி அழற மாதிரி பேசறான். என்ன சொல்ல?"

"மத்தியானம் சாப்பிட்டானா அவன்?"

"எங்க? உன்னைக் கண்டு ஓடறதுக்கே நேரம் சரியாப் போச்சு."

டல்சி கையில் ஒட்டிய களிம்பை மணலில் தேய்த்துத் துடைத்தாள். "எறங்கி வந்து சாப்பிடச் சொல்லு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அவள் கிழக்கே திரும்பி உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பொறியாளர் ஏன் என்று கேட்டார். கோரலி சொன்னாள். அவர் அடுத்தவரிடம் சொன்னார். மணலிலிருந்து கால்களை உருவிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். புதைத்து வைத்த பெரிய மனிதரை நாலு பேர் தோண்டி எடுத்துத் திருப்பி வைத்தார்கள். அவர் விழிக்கவில்லை.

பிரெண்டன் கரையிலிருந்து பாதி நடந்தும் பாதி சறுக்கியும் இறங்கி வந்தான். அத்தனை முதுகுகளுக்கும் பின்னால், நெருப்பின் ஓரமாக உட்கார்ந்து, சாம்பலைத் தட்டிவிட்டு ரொட்டியைக் கடித்தான். மெல்லும் சத்தம் கேட்டதும் டல்சி இன்னும் இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தாள், அவன் காலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டுமே என்று.