ஒரே கேக்குக்கு மூன்று முடிச்சு

பல்லால் கடித்துச் சிவப்புத் துணியை இரண்டாகக் கிழிக்கிறாள் ஓத்லின். ஒரு துண்டைப் பொட்டலத்தில் கட்டுகிறாள். இன்னொன்றைத் தன் வேனின் ஸ்டியரிங்கில். பொட்டலம் போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்தால்தான் ஸ்டியரிங் முடிச்சு அவிழும். அதுவரை ஒவ்வொரு வளைவிலும் அது அவள் விரலை உறுத்தும். "உறுத்தணும். இல்லன்னா மறந்துடுவேன்ல?" அவிழ்த்த துணியையும் வீணாக்க மாட்டாள், அடுத்த பொட்டலத்துக்கு ஆகும்.

ஜார்ஜ்டவுனுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் நடுவே, தீவின் கடலோரமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது அவள் வேன். முன்கண்ணாடியில் 'முந்துறவன் முந்தட்டும்' என்று எழுதியிருக்கும்; ஆனால் அவளை யாரும் முந்தியதில்லை. வழியில் விமான நிலையம், முடிவில் படகுத்துறை. தெற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு மருந்தோ, மீன்வலையோ, பள்ளிச் சீருடையோ, அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே யார் எந்தத் தீவுக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவாள். அவள் மட்டும் எங்கும் போனதில்லை. படகைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அதற்கென்றே பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய்.

"ஒரு தடவ ஏறித்தான் பாரேன்க்கா," என்று துறையில் சீண்டுவார்கள்.

"நான் ஏறினா உங்க படகு தாங்குமாடா?"

போன வெள்ளிக்கிழமை ஸ்டியரிங்கில் மூன்று முடிச்சுகள் இருந்தன. மூன்றும் ஒரே கேக்குக்கு. மறுநாள் நாலு மணிக்கு யூனியன் தீவில் யூலாலிக்குக் கல்யாணம். அவளை வளர்த்த அத்தை கால் முறிந்து ஜார்ஜ்டவுனில் கிடக்கிறாள். ஒரு வருடம் ரம்மில் ஊறிய பழங்களைப் போட்டு, மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்றடுக்குக் கேக் சுட்டிருந்தாள். "என்னாலதான் போக முடியல ஓத்லின். இதாவது அவ பக்கத்துல நிக்கட்டும்."

துறைக்குப் போனால் யூனியன் படகின் எஞ்சின் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றார்கள். ஓத்லின் ஒரு இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கடலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்தாள்.

பெரிய அடுக்கு சிமென்ட் ஏற்றிய சரக்குப் படகில் போய் மாலையில் இறங்கியது. சின்னதை வேனிலேயே விமான நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் யூனியனுக்குப் பறக்கும் ஒரு நர்ஸின் மடியில் வைத்து அனுப்பினாள். அது மதியத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டது. நடு அடுக்கு பெக்வே தீவுக்குப் போகும் படகில் போய், அங்கே காஸ்மஸின் மீன்பிடிப் படகுக்கு மாறியது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. மூன்றாவது முடிச்சு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. வேனை ஓரமாக நிறுத்திப் போன் போட்டாள்.

"காஸ்மஸ், எங்கடா இருக்க?"

"மேரோ தீவுலக்கா. டாமினோ ஆடிட்டிருக்கேன். கை நல்லா ஓடுது."

"கேக்கு?"

"நிழல்ல பத்திரமா இருக்கு. நாலு மணிக்குத்தானே கல்யாணம்? யூனியன் இந்தா, எதிர்லயே தெரியுது."

"தெரிஞ்சா போதுமா? இருபது வருசத்துல ஒரு பொட்டலம் நான் தவறவிட்டதில்லடா. உன்கூட ஆடுறவங்ககிட்ட போனக் குடு."

வேனிலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவள் அந்த ஆட்களைத் திட்டவில்லை. அத்தையின் முறிந்த காலையும் நாற்காலியையும் மட்டும் சொன்னாள். மறுமுனையில் டாமினோ கட்டைகள் மேசையில் சரியும் சத்தம். அப்புறம் மூன்று ஆண்குரல்கள் ஒன்றாகக் காஸ்மஸைக் கிழித்தன. "எந்திரிடா மொதல்ல!"

மூன்று மணிக்கு வேன் ஜார்ஜ்டவுன் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தபோது யூலாலி கூப்பிட்டாள்.

"மூணும் நிக்குதுக்கா. நடுவுலது கொஞ்சம் சாஞ்சாப்புல. எங்க அத்தை மாதிரியே!"

வேன் முழுக்கக் கைதட்டல். ஓத்லின் மூன்றாவது முடிச்சை அவிழ்த்து மற்ற இரண்டோடு சேர்த்துக்கொண்டாள். அத்தை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். அவசரமாகப் போக வேண்டியவர்கள்கூட முணுமுணுக்கவில்லை. உள்ளே போய், "மூணும் நிக்குது" என்று சொல்லி, மூன்று துணிகளையும் மாவுக்கட்டைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கட்டினாள்.