மூன்று முறை ஹோடி

அல்லாஹ் மேல் ஆணை, இது நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். அதனால்தான் ஆறு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

நான் பக்காரி. லாமு தீவுக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து "கரிபு" என்று அழைத்தால்தான் படி தாண்டலாம். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். அது யாராக இருந்தாலும் சரி.

பீ ரெஹெமா வயதானவர், தனிக்கட்டை; மூத்த பெண்களை எங்கள் ஊரில் "பீ" என்றுதான் மரியாதையாக அழைப்போம். அவர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் மாடம் மாடமாகச் செதுக்கியிருக்கும். அதைப் பார்க்க நான் யாரை அழைத்துப் போனாலும் முகம் சுளிக்காமல் புளித்தண்ணீர் கொடுப்பார். அந்த நல்ல மனுஷியின் கீச்சுக் குரலைத்தான் படகுத்துறையில் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். "அப்படியே கிழவிதான்டா!" என்று பயல்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விஷயம் அவர் காதுக்கும் போயிற்று.

"என் குரல்ல என்ன வேணா பேசிக்கோடா, குரங்கே. என் வீட்டுக்குள்ள மட்டும் யாரையும் கூப்பிட்டுடாதே" என்றார்.

அன்று மாலை நாலு பத்து. என்னோடு ஓர் இத்தாலிக்காரத் தம்பதி. ஐந்து மணிக்கு அவர்களுக்குப் படகு. காலையிலிருந்து அந்தச் சுவரைப் பற்றியே அளந்துவிட்டிருந்தேன்.

"ஹோடி!"

பதில் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறையும் இல்லை.

திரும்பியிருக்க வேண்டும். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தம்பதிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவர் குரலிலேயே, "கரிபு... கரிபு..." என்றேன்.

உள்ளே போனோம்.

சாம்பிராணி வாசம் அடித்தது. அவர் எப்போதும் உட்காரும் பாய் சுருட்டி மூலையில் நின்றது. உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. அதன் முன்னால் நான்கு பூனைகள், கதவையே பார்த்தபடி.

அந்தப் பெண் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு பதினேழு.

கதவுக்கு உள்ளேயிருந்து...

"ஹோடி."

அதே கீச்சுக் குரல். தன் சொந்த வீட்டில்... என்னிடம் அனுமதி கேட்டது.

"ஹோடி..."

"கரிபு" என்று ஒரு வார்த்தை போதும்.

"ஹோடி..."

அப்புறம் காலடிச் சத்தம். கதவை விட்டு விலகி... மெதுவாக...

அவர் முறை தெரிந்தவர்.

சந்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. பின்னாலேயே வந்த கணவர் கேட்டார்: "அந்தம்மா மூணு தடவை என்ன சொன்னாங்க?"

"போய்ட்டு வாங்கன்னாங்க" என்றேன்.

நாலரைக்குத் தெருமுனையில் பக்கத்து வீட்டு சலீமா எதிரே வந்தாள். கூடவே, இறந்தவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும் பெண்.

"பக்காரி, பீ ரெஹெமா வீட்டுக்கா போனே?"

"இல்லையே."

"மத்தியானமே போய்ட்டாங்கடா. மூணு மணிக்கு நான்தான் பார்த்தேன். கண்ணை மூடி, தாடையைக் கட்டிப் படுக்க வச்சுட்டு, பூனை நுழையாம வெளித்தாழ் போட்டுட்டு, இவங்களைக் கூப்பிடத்தான் ஓடினேன்."

ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். ஊரே என்னை மெச்சியது. எனக்குக் கூசியது.

நாற்பது நாள் கழித்து சலீமா என் மனைவியிடம் சொன்னாளாம்: "தாடையை இறுக்கித்தான் கட்டியிருந்தேன்டி. திரும்பிப் போய்ப் பார்த்தா, உடம்பு கட்டில்மேலதான் இருந்துச்சு. வாய் மட்டும் திறந்திருந்துச்சு. தாடையைக் கட்டின துணி... கதவடியில கிடந்துச்சு."