பாதியில் நின்ற வீடியோ கால்

எனக்குக் காது கேட்காது. கணவர் இறந்தபின் சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறேன். சைகையில் பேச எனக்கு இருப்பது புளியங்குடியில் உள்ள தங்கை மட்டும்தான். போனில் கைகள் சரியாகத் தெரியாததால், ஹாட்ஸ்பாட் போட்டு டேப்லெட்டில் வீடியோ கால் பேசுவோம்.

விலை குறைந்த பிளான் கேட்டபோது கடைக்காரர், "இதுல எவ்வளவு வேணாலும் பேசலாம்க்கா" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அதையே போடச் சொன்னேன். அவர் சொன்னது சாதாரண போன் காலுக்குத்தான், வீடியோ காலுக்கு இல்லை.

மறுநாள் தங்கை 'ஆஸ்பத்திரி' என்று சைகை காட்டியதும் படம் நின்றுவிட்டது. டேட்டா தீர்ந்துவிட்டதால் வாட்ஸ்அப் மெசேஜும் போகவில்லை. பதறிப்போய்ப் பஸ் ஏறினேன். அவள் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ரீசார்ஜுக்கு முன், 'ஹாட்ஸ்பாட்டில் தினமும் ஒரு மணி நேரம் வீடியோ கால் பேச டேட்டா போதுமா?' என்று எழுதிக் காட்டுகிறேன். விலை சற்று அதிகம்தான். அந்த ஒரு மணி நேரம் தவிர என் வீட்டில் பேச்சே கிடையாது.