ஜலஜா இடம் தர மாட்டாள்

மெஷின் திரையில் காட்டுகிற வாக்கியத்திலிருந்து இன்றைக்கும் ‘தயவுசெய்து’வை வெட்டிவிட்டாள் ஜலஜா. நான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்க்கவைத்த சொல். அடையாற்றில் எங்கள் சின்னக் கம்பெனி செய்கிற கம்ப்யூட்டருக்கு, நாம் தட்டுகிற கட்டளையைப் படித்து வேலை வாங்கும் ப்ரோக்ராமை அவள்தான் எழுதுகிறாள். இந்த எழுபத்தொன்பதாம் வருஷத்தில் அதை ஊரில் விற்கிற தலையெழுத்து என்னுடையது.

“மெமரில ஒரு எழுத்துக்கு ஒரு எடம் சார். மரியாதையெல்லாம் நீங்க நேர்ல பண்ணிக்கோங்கோ” என்பாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மயிலாப்பூரில் ஒற்றை அறைக் குடித்தனம். மெமரியையும் அப்படித்தான் நடத்துகிறாள். “எங்காத்துல காலம்பற பாயைச் சுருட்டினாத்தான் சமைக்க முடியும். பில் போடற ப்ரோக்ராம் உள்ள வந்தா, என்னோடதுல பாதி வெளில போயிடும். அது முடிஞ்சப்புறம், மெஷின்ல சொருகற பிளாப்பித் தட்டுலேர்ந்து திரும்பி வந்துடும்.” கேட்கிற எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அவள் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்காருகிற ஜென்மம்.

இந்த லட்சணத்தில் தி. நகர் ஜவுளிக்கடை சண்முகசுந்தரம் அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். பில் போடும் தங்கபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் வராது; மெஷின் தமிழில் பேசினால் வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஆர்டர் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். மெஷினுக்குத் தமிழ் எழுத்து வராது; தமிழ் வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் அடித்தோம். நீளமோ நீளம். ஜலஜா அத்தனையையும் மெமரியிலிருந்து கிளப்பித் தட்டுக்கு அனுப்பினாள். வேண்டியதை வேண்டும்போது எடுத்துக்கொள்ளுமாம்.

நேற்றுக் கடையில் நானும் ஜலஜாவும் ஓட்டிக் காட்டினோம். மத்தியானம் வரை மெஷினில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட எழுந்த தங்கபுஷ்பம், விலையுள்ள எதையும் மேஜையில் விடக் கூடாது என்ற கடை வழக்கப்படி, தட்டை உருவி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வந்து உட்கார்ந்து தட்டினாள். மெஷின் கம்மென்று இருந்தது.

“என்னம்மா, இது வாயவே தெறக்க மாட்டேங்கு?” என்றார் அண்ணாச்சி.

‘தட்டைப் போடவும்’ என்று அது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியமே அந்தத் தட்டில்தான் இருந்தது! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அந்த ஒரு வரியையாவது உள்ள வைம்மா!” என்றேன்.

“எடமில்லே.”

ஜலஜா தங்கபுஷ்பத்திடம் புடவை விலைச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பின்புறம் கொட்டைத் தமிழில் ‘தட்டைப் போடவும்’ என்று எழுதிக் கோந்து தடவித் திரைக்குக் கீழே ஒட்டினாள். காலையெல்லாம் திரையில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித் திணறிய தங்கபுஷ்பம் ஒரே பார்வையில் படித்துவிட்டு, “நாந்தான் பூட்டிட்டேன்” என்று பெட்டிச் சாவிக்கு ஓடினாள்.

அண்ணாச்சி கோந்து பாட்டிலை ஜலஜா பக்கம் நகர்த்தினார்.

“மத்ததையும் இப்படியே எழுதி ஒட்டிருங்கம்மா. மெஷினு இங்கனயே கெடக்கட்டும்.”

நான் வாயைத் திறப்பதற்குள், பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் அடுத்த சீட்டைத் திருப்பிப் போட்டிருந்தாள்.