பூசான் சேர்மன்

பியோ இன்சுக் யாரையும் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. சியோலில் இன்சாதோங் சந்து ஒன்றில், நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில், முப்பது வருடங்களுக்கு மேலாக ஓவியக்கூடம் நடத்துகிறார் அந்த அம்மாள். புதிய ஓவியர்கள் படங்களை இறக்கி வைப்பார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "சுவர் சும்மா இருக்கறதுக்கு இது தேவலை" என்பார். அதைக் கேட்டவர்கள் அன்றைக்குக் குடித்துக் கொண்டாடினார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கில் சாங்து. அப்போது இளைஞர். அடுப்பில் எரிந்து முடிந்த நிலக்கரி உருளைகளின் சாம்பலைப் பசையில் குழைத்துத் துணியில் அப்புவார். அவருடைய முதல் கண்காட்சிக்கு வந்த சிலர் சுற்றிப் பார்த்துவிட்டு, படங்களை எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்டுப் போனார்கள். கடைசி நாள்வரை ஒன்றும் விற்கவில்லை. மச்சானுடைய மீன் லாரியை ஓட்ட வருவதாக கில் வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

அவர் கீழே நூடுல்ஸ் சாப்பிடப் போன நேரத்தில், இருந்ததிலேயே பெரிய படத்தின் பக்கத்தில் இன்சுக் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார். விற்றுப்போனது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"யாரு மேடம் வாங்கினது?" மேலே வந்த கில் பொட்டைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்.

"பூசான்காரர். சேர்மன் மோக். கப்பலுக்குச் சாமான் செய்யறவர்."

"படத்தைப் பத்தி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பேசறவங்க வாங்க மாட்டாங்க."

திங்கட்கிழமை லாரியை வேறொருவர் ஓட்டிப் போனார். ஓவியருக்குச் சேர வேண்டிய பணம் இன்சுக்கின் கைப்பையிலிருந்து போயிற்று. படம் அவருடைய பின்னறைக்குப் போனது. அங்கே புளித்து மணக்கும் கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டிக்கு மேலேதான் சுவரில் இடம் இருந்தது.

இல்லாத மனிதரானாலும் சேர்மன் மோக் நன்றாகவே வாழ்ந்தார். வேறு சில ஓவியர்களுக்கும் ஆபத்துக் காலத்தில் கை கொடுத்தார். அவருடைய ரசனை விசாலமானது, விற்காத எதுவும் அவருக்குப் பிடித்துவிடும். ஒவ்வொரு சூசாக் அறுவடைப் பண்டிகைக்கும் கில் சேர்மனுக்கென்று ஒரு கொத்து உப்புக்கருவாடு வாங்கி, அனுப்பிவிடும்படி இன்சுக்கிடம் கொடுத்துவிட்டுப் போவார். இன்சுக் அதைத் தின்று தீர்த்தார். ரத்தக்கொதிப்பு வந்தபோது, கருவாட்டை நிறுத்தச் சொன்ன டாக்டரிடம் அது தன் கையில் இல்லை என்றார்.

கில்லின் சாம்பலை வெளிநாட்டுக்காரர்கள் தத்துவம் என்று கண்டுபிடித்தபின் உள்ளூர்க்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆற்றுக்குத் தெற்கே கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த பெரிய ஓவியக்கூடம் அவரை அழைத்தது. விடைபெற வந்தபோது, "தப்பா நினைக்காதீங்க மேடம். சேர்மன் மாதிரி கண்ணு உள்ளவங்க நடமாடற இடத்துல இருக்கணும்னு தோணுது" என்றார்.

"போயிட்டு வா. அங்க சுவர் நிறைய" என்றார் இன்சுக்.

கில்லுக்கு அறுபது ஆனபோது ஒரு பெரிய அருங்காட்சியகம் அவருடைய எல்லாக் காலத்துப் படங்களையும் சேர்த்துக் காட்ட முடிவு செய்தது. அவர் பழைய மாடிப்படி ஏறி வந்தார். அந்த முதல் படம் வாசலில் இருக்க வேண்டும், சேர்மன் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும் என்றார்.

"அவர் வெளியே வரமாட்டார்."

"கால்ல விழுந்து கூட்டிட்டு வர்றேன் மேடம். தெரிஞ்சவங்க வாங்கினா அது பரிதாபம். முகம் தெரியாத ஒருத்தர் வாங்கினார் பாருங்க, அன்னிக்குத்தான் நான் ஓவியன்னு எனக்கே நம்பிக்கை வந்துது. அது இல்லேன்னா இன்னிக்கு மீன் லாரிதான்."

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் இத்தனை வருடமாக நின்றுகொண்டிருக்கும் தரையை உருவியதுபோல் ஆகும். இன்சுக் யோசிக்காமல் சேர்மனைக் கொன்றார்.

"தவறிட்டார்ப்பா. போன வாரம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

அங்கேதான் பிசகிற்று. இந்த ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவரைக் கற்பனை செய்துவிடலாம், செத்தவரை முடியாது. செத்தவருக்கு ஆஸ்பத்திரியின் துக்க மண்டபத்தில் மூன்று நாள் வேண்டும். பூவளையங்கள் வேண்டும், குனிந்து வணங்கப் புகைப்படம் வேண்டும், வருகிறவர்களுக்குக் காரமான மாட்டுக்கறிச் சூப் வேண்டும்.

"கனடாவுல, மகள் வீட்டுல" என்றார் இன்சுக். "படத்தை வேலைக்காரங்க அனுப்பிடுவாங்க."

கில் மறுநாள் கறுப்புக் கோட்டில் வந்து, மகளிடம் சேர்க்கச் சொல்லி, துக்கப் பணம் வைத்த ஒரு வெள்ளை உறையை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் கண் சிவந்திருந்தது. இன்சுக்கும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

படம் பூசானிலிருந்து வருவதாக ஒரு வண்டியில் ஊரைச் சுற்றிவிட்டு அருங்காட்சியகம் சேர்ந்தது. அங்கே படத்தின் கட்டைப் பிரித்தது கில்தான்.

திறப்பு விழாவில் அவர் மனைவிக்கு நன்றி சொன்னார், மச்சானுக்குச் சொன்னார். சேர்மன் மோக்குக்காக எல்லாரையும் ஒரு நிமிடம் தலைகுனியச் சொன்னார். 'படங்களை மாட்டித் தந்த' இன்சுக்குக்கும் நன்றி இருந்தது. கைதட்டல் அடங்கியதும் அவரை வாசல் படத்தருகே தனியாக அழைத்துப் போனார்.

"மேடம், இதை மோந்து பாருங்க."

"எனக்கு ஜலதோஷம்."

"கிம்ச்சி வாசனை. உங்க பின்னறை வாசனை. அங்க எத்தனை நாள் உக்காந்து சாப்பிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? எப்பவும் ஒரு துணி தொங்குமே பெட்டிக்கு மேல, அதுக்குப் பின்னால என்ன இருந்துது? நிஜத்தைச் சொல்லுங்க. சேர்மன்னு ஒருத்தர் இருந்தாரா?"

அறுபது வயது முகத்தில், நூடுல்ஸ் கடையிலிருந்து மேலேறி வந்த அந்தப் பழைய பையனின் பயம் தெரிந்தது. இன்சுக் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, அவருக்கே தெரியாது.

"சேர்மன் மோக்கா? நல்லா கேட்டீங்க போங்க." கையில் மதுக்கோப்பையோடு நடுவில் புகுந்தவர் மரச்சாமான் கம்பெனி முதலாளி பாங். பெரிய மனிதர் எவர் பெயர் அடிபட்டாலும், தனக்கு வேண்டியவர் என்று சொல்லாமல் விடமாட்டார். "நாங்க ரெண்டு பேரும் கோல்ஃப் கூட்டாளிங்க. இந்தப் படத்தை அவர் வீட்டுலயே பார்த்திருக்கேனே. சாப்பாட்டு அறையில மாட்டியிருந்தார். இதைப் பார்த்துட்டேதான் சாப்பிடுவார்."

"சாப்பாட்டு அறையிலயா?" என்றார் கில்.

"பின்னே? நான்கூட, ஐயா, கிம்ச்சிப் பானைக்கு மேல கலையானு கேலி பண்ணேன்." பாங் குரலைத் தாழ்த்தி இன்சுக்கைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அவர் சொன்னதைச் சொல்றேன். அந்த அம்மாவுக்குக் கண்ணு போதாது, படத்தை நானேதான் தேடி எடுத்தேன்னார்."

இன்சுக் இடுப்பு வளைய பாங்கை வணங்கினார். விழாவுக்கு அமைச்சர் வந்தபோதும் அவர் அவ்வளவு குனிந்ததில்லை.

பாங் நகர்ந்ததும் கில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுருங்க மேடம். நீங்களே வாங்கியிருப்பீங்களோன்னு ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்."

"நானா? எனக்கு இந்தப் படம் புடிச்சுதுன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"இல்ல" என்று கில் மனம் விட்டுச் சிரித்தார். "சொன்னதே இல்ல."

கண்காட்சி முடிந்து படம் பூசானுக்குத் திரும்பியது. அதாவது, ஊரைச் சுற்றிவிட்டு மாடிப்படி ஏறியது. சாப்பாட்டு அறையில் மட்டும் மாட்ட வேண்டாமென்று குடும்பத்தாரிடம் சொல்லும்படி கில் கேட்டிருந்தார். இன்சுக் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிம்ச்சிப் பெட்டியைத் தள்ளித் தள்ளி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். எழுபதைத் தாண்டிய முதுகுக்கு அது லேசான வேலையில்லை.