வேட்டிக் கரைக்குள் ஓடிய லாரி

நான் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் டிவியில், வானத்தில் பறந்த கதாநாயகனை எப்படிப் படமெடுத்தார்கள் என்று காட்டினார்கள். ஆள் பச்சைத் துணிக்கு முன்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துணி கிலோ கணக்கில் கிடைக்கும் ஊரில் பிறந்துவிட்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

பெருமாநல்லூரில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. எந்தப் பீஸை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து வருவது இரண்டே சொற்கள்தான்: பாஸ், ரிஜெக்ட். என் மார்க் ஷீட்டுக்கும் அதே பாஸ்தான். ‘நல்லா இருக்குது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தையை எப்படியாவது அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

ப்ளஸ் டூ முடித்த விடுமுறையில் நேரம் வாய்த்தது. கலர் சரியில்லை என்று ஆர்டர் கொடுத்த பையர் ஒதுக்கிய பச்சைத் துணி ரோல் ஒன்று குடோனில் கிடந்தது. அதை இரண்டு அயர்ன் டேபிள் மேலும் பின்சுவரிலும் விரித்தேன். யாரைப் பறக்கவிடுவது? அப்பாவையேதான். “கம்பெனி விளம்பரத்துக்குங்கப்பா” என்று ஒரு பொய் சொன்னேன். வேட்டியை மறுபடி அயர்ன் பண்ணச் சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தார். டேபிள் மேல் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் நீட்டினார். முகம் மட்டும் பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது.

எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, பச்சையையெல்லாம் அழித்து, அந்த இடத்தில் எங்கள் ஊர் மெயின் ரோட்டை வைத்தேன். மறுநாள் டீ நேரத்தில் கம்பெனியே கூடிப் பார்த்தது. அப்பா பறந்தார். ஆனால் அவர் வேட்டியின் கரையும் பச்சை என்பதை நான் கவனிக்கவில்லை. கரை இருந்த இடமெல்லாம் ஓட்டை. அதற்குள் ஒரு தண்ணி லாரி நிதானமாகப் போனது. செக்கிங் அக்காக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“ரிஜெக்ட்” என்றார் அப்பா.

அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, கரையைக் கையாலேயே வரைந்து சேர்த்தேன். பத்தொன்பது நாள் ஆனது. அப்பா மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு “பாஸ்” என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்த பாஸை வைத்துத்தான் சென்னைக்குப் படிக்கப் போனேன்.

இப்போது எனக்குக் கீழே இருபது பேர் வேலை செய்கிறார்கள். போன தீபாவளிக்கு வந்த படத்தில் கடலும் கப்பலும் நாங்கள் கம்ப்யூட்டரில் செய்தவை. அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன்.

“நீ செஞ்சது எப்ப வரும் கண்ணு?” என்று இடைவேளை வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கப்பல்தானுங்கப்பா.”

“அது நெசக் கப்பலு” என்றார். கடைசிவரை நம்பவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கம்பெனி ஆபீசில் நூல் வியாபாரி ஒருவரிடம் அப்பா செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தண்ணி லாரி போய்க்கொண்டிருந்தது.

“ஏனுங்கப்பா, சரி பண்ணிக் குடுத்தேனே, அதைக் காட்டக்கூடாதுங்களா?”

“அதக் காட்டுனா ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்றதில்ல கண்ணு. கப்பலக் காட்டுனா, நல்ல கப்பலுன்னு சொல்லிப்போட்டுப் போயிர்றாங்க. இதப் பாத்தாத்தான் உன்ற வேலைன்னு தெரியுது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. வியாபாரி பக்கம் திரும்பி, “எம்பொண்ணு செஞ்சதுங்க. நல்லா இருக்குதுங்கல்ல?” என்று கேட்டார். அந்த மனிதர் தலையாட்டும்வரை போனை அவர் முகத்துக்கு முன்னாலிருந்து எடுக்கவே இல்லை.