காட்டு வீட்டில் காய்ச்சிய பால்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ வாடகை அபார்ட்மென்ட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. எதிர் ஃப்ளாட் மாலதியோ வடக்கே காட்டுக்குள் ஒரு பழைய மரவீட்டையே வாங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

லாங் வீக்கெண்டில் அதைச் சரிசெய்ய இரண்டு குடும்பமும் போனோம். எங்கள் வீட்டில் ஒரு பல்புகூட மாற்றாத என் கணவர், அவள் வீட்டுக் கூரையில் ஏறி உற்சாகமாக ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் எரிந்தது.

வேலை முடிந்ததும் மாலதி பால் பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள். "இங்க நமக்குப் பெரியவங்க யாரு இருக்கா? நீங்கதான்க்கா காய்ச்சணும்."

பால் நுரைத்து மேலே வந்தது. பொங்கி வழிந்தால்தானே வீட்டுக்கு நல்லது? சட்டென்று ஸ்டவ்வைச் சிம்மில் வைத்தேன். பால் அடங்கிவிட்டது.

மாலதி பார்த்துவிட்டாள். கை நீட்டித் தீயைக் கூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை எனக்கே கொடுத்தாள்.

"உங்களுக்கும் சீக்கிரம் ஒரு வீடு அமையணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வழிந்த பாலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பிறகு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்களும் வீடு வாங்கினோம். பால் காய்ச்ச மாலதியைத்தான் கூப்பிட்டேன். பொங்கும்வரை என் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. தீயைக் குறைக்க அந்தக் கை ஸ்டவ் பக்கம் போகவே இல்லை.